இடாப்பில் இருந்த பெயர்

786
சாய்ந்தமருது
2.4.1952

அன்புள்ள காக்கா கச்சிமுகம்மது அவர்களுக்கு,

தங்கை ஸாலிஹாவின் ஸலாம். இங்கே எல்லோரும் நாயன் கிருபையால் சுகம். போகும்போது இருந்த தடிமன் விட்டதா? கருஞ்சீரகம் வறுத்து மடித்து உங்கள் பெட்டிக்குள் வைத்தேன். திறந்துகூடப் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஊர் முழுக்க உங்கள் கதைதான். ஆலை முதலாளி எலக்சன் கேட்கிறாராம், நெல்லுக் குற்றியது போதாமல் இனிச் சட்டமும் குற்றப் போகிறாராம் என்று மீன் விற்கிறவர்கள்கூடச் சிரிக்கிறார்கள். சிரித்தாலும் வாக்கு உங்களுக்குத்தான் என்கிறார்கள். உங்கள் இரண்டு பஸ்ஸிலும் ஏறாத ஆள் இந்தக் கரையில் யார்?

சுஹறாவின் நிக்காஹ் முடிந்து இன்றைக்குப் பத்தொன்பது நாள். நீங்கள் அவசரப்படுத்தினபோது எனக்கு மனமில்லை. மூத்தவள் பிள்ளைப்பேற்றில் மௌத்தாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய புருஷன் றஊபுக்கே இளையவளைக் கட்டிக்கொடுக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? நீங்கள்தான், "வெளியால இருந்து ஒருத்தி வந்தா இந்தப் புள்ளய ஆரு பாக்கிற? வீடும் புள்ளயும் நம்மளோட இரிக்கட்டும்" என்றீர்கள். சொன்னது சரிதான். குட்டி அதாவுல்லா சுஹறாவின் மடியில்தான் உறங்குகிறான். வீட்டில் மூத்தவளின் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. எடுத்தால் சுஹறா முகம் கறுத்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள், றஊப் சோற்றை விட்டு எழும்பிவிடுகிறான். ஆகையால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு காரியம் காக்கா. மையத்தை அடக்கிவிட்டு வந்த அன்று ஊர் விதானையார் எழுதித் தந்த மௌத்துத் துண்டை நீங்கள்தான் வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தீர்கள். "பதிவை நான் பாக்கிறன்" என்றீர்கள். பதிந்தாயிற்றா? அவளுடைய கூப்பன் புத்தகத்துக்கு இன்னும் அரிசி தருகிறார்கள். நான் அதை உலையில் போடுவதில்லை. பள்ளிவாசலடி மிஸ்கீன்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

சோற்றை நேரத்துக்குத் தின்னுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
ஸாலிஹா

~

கொழும்பு
19.4.1952

அன்புத் தங்கச்சி ஸாலிஹாவுக்கு,

காக்காவின் ஸலாமும் துஆவும். நான் நல்ல சுகம். கருஞ்சீரகத்தைத் திறந்தேன், தடிமனும் விட்டது. நீ இனி எதைச் சொல்லிக் குறைபடுவாய்?

எனக்குக் குடைச் சின்னம் கிடைத்திருக்கிறது. எதிரே ஸைனுலாப்தீன் ஹாஜியார். அவருக்கு வாய் இருக்கிறது, எனக்கு ஆள் இருக்கிறது. ஆனாலும் சொற்ப வாக்கில்தான் முடிவு வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உம்மாவின் வழியில் நம் குடியில் மட்டும் நூற்றுப் பதினேழு பெண்கள் வாக்காளர் இடாப்பில் இருக்கிறார்கள். ஒருத்திகூட வீட்டில் தங்கக் கூடாது. கூடாரம் கட்டின வண்டி அனுப்புகிறேன், முக்காடு விலகாமல் போய் வரலாம். அவர்களைக் கிளப்புவது உன் பொறுப்பு. நீ அதட்டினால் அடங்காத பெண் நம் குடியில் இல்லை.

றஊபை லொறியிலிருந்து எடுத்து ஆலைக்குள் மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறேன். சுஹறாவிடம் சொல்லு, சந்தோஷப்படுவாள்.

இன்னுமொன்று. இடாப்பில் மௌத்தான ஸம்ஸியாவின் பெயரும் இருக்கிறது. வெட்டுப்படவில்லை. அதுவும் நம் குடியின் ஒரு வாக்கு. வீணாகப் போகத் தேவையில்லை. நேரில் வந்து கதைக்கிறேன்.

துஆச் செய்.

உன் காக்கா
கச்சிமுகம்மது

~

786
சாய்ந்தமருது
1.7.1952

அன்புள்ள காக்காவுக்கு,

தங்கையின் ஸலாம். பெருநாள் அன்று நீங்கள் இங்கே நின்றும் மாலைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் உங்களோடு நாலு வார்த்தை கதைக்கக் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். உடம்புக்கு எப்படி? பாராளுமன்றத்தில் உங்களுக்குத் தந்த கதிரை வசதியா?

முப்பத்தேழு வாக்கில் வெற்றி. அந்த எண்ணை இங்கே சின்னப் பிள்ளைகளும் பாட்டாகப் பாடித் திரிகிறார்கள். வாப்பா இருந்திருந்தால் கண் நிறையப் பார்த்திருப்பார். எனக்கும் மனம் நிறைந்துதான் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் ஒரு பாரம் இறங்கவில்லை. நோன்பு பிடித்த வாயோடு காலையில் என் பெயருக்கு வாக்குப் போட்டேன். அசருக்கு முன் வேறு சேலை உடுத்துக்கொண்டு மூத்தவளின் பெயருக்கும் போய்ப் போட்டேன். நீங்கள் சொன்னீர்கள், போனேன். அன்றைய நோன்பு கூடுமா என்று லெப்பையிடம் கேட்கவும் வெட்கம். பெருநாளுக்குப் பிறகு அதற்குப் பதில் ஒன்று களாச் செய்து பிடித்தேன். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானோ தெரியாது.

ஸைனுலாப்தீன் ஹாஜியார் கோட்டுக்குப் போகப் போகிறார் என்று கதை அடிபடுகிறது. மெய்யா?

சுஹறா உண்டாகியிருக்கிறாள், இரண்டு மாதம். வாயில் ஒன்றும் தங்குதில்லை. மூத்தவளுக்கு நடந்ததை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மௌத்துத் துண்டைப் பற்றி முன்பும் எழுதினேன், நீங்கள் பதில் எழுதவில்லை. பதிந்தீர்களா?

எங்களை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கச்சி ஸாலிஹா

~

கொழும்பு
9.8.1952

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். சுஹறாவின் செய்தி கேட்டுச் சந்தோஷம். அவளுக்கு மாதுளம்பழமும் ஒரு டின் ஹோர்லிக்ஸும் அனுப்பியிருக்கிறேன்.

ஹாஜியார் வழக்கு வைத்துவிட்டார். பல குற்றம் எழுதியிருக்கிறார், மற்றதெல்லாம் நிற்காது. ஒன்றுதான் கழுத்தைப் பிடிக்கிறது. மௌத்தான ஸம்ஸியாவின் பெயரில் நீ வாக்குப் போட்டாய் என்றும், நான்தான் போடச் சொன்னேன் என்றும் எழுதியிருக்கிறார். வாக்குச் சாவடியில் நின்ற அவருடைய ஆள் உன் குரலை அறிந்தானாம். முப்பத்தேழு வாக்கு இதற்குக் கணக்கில்லை. வேட்பாளர் சொல்லி ஒரு கள்ள வாக்கு விழுந்தது என்று ஒப்புவித்தாலே போதும், சீற் போய்விடும். ஏழு வருசம் நான் நிற்கவும் ஏலாது. உனக்கும் மறியல் தண்டனை வரலாம்.

பயப்படாதே. எனக்கு வழக்குப் பேசுகிற அப்புக்காத்து கெட்டிக்காரர். அவர் வழி கண்டுபிடித்துவிட்டார். ஸம்ஸியாவின் மௌத்து இன்னும் பதியப்படவில்லை. கூப்பன் புத்தகமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அரசாங்கத்தின் கண்ணில் எலக்சன் அன்று அவள் உயிரோடு இருந்தாள், தானே வந்து வாக்குப் போட்டாள். ஜூன் மாதக் கடைசியில் மௌத்தானதாக இனிப் பதிவோம். விதானையார் நம் பக்கம். நீ கோட்டில் ஏறி, "நோன்பு மாசம் என் மகள் உசிரோட இருந்தாள்" என்று சொன்னால் சரி. ஒரே ஒரு சொல்.

இந்தக் கரைக்கு ஆஸ்பத்திரி கேட்டு எழுதியிருக்கிறேன், நாவிதன்வெளிப் பக்கம் வாய்க்கால் கேட்டு எழுதியிருக்கிறேன். எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

உன் காக்கா
கச்சிமுகம்மது

~

786
சாய்ந்தமருது
17.8.1952

காக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நாற்பதாம் நாள் கத்தத்துக்கு நீங்கள்தானே இரண்டு மாடு அறுத்தீர்கள்? ஊரே இருந்து தின்றது. அந்த ஊரைப் பார்த்து நான் என்ன முகத்தோடு அப்படிச் சொல்வேன்? அதுகூடப் போகட்டும். என் முகம் போனால் போகட்டும்.

சுஹறாவின் நிக்காஹ் எப்போது நடந்தது? மார்ச் மாதம் பதினாலாம் திகதி வெள்ளிக்கிழமை. நிக்காஹ் பதிந்த காவின் புத்தகத்தில் திகதி இருக்கிறது, அதன் கீழே சாட்சியாக உங்கள் கையெழுத்து இருக்கிறது. மூத்தவள் ஜூன் மாதம்வரை உயிரோடு இருந்தாள் என்றால், றஊப் ஒரே நேரத்தில் அக்காவையும் தங்கச்சியையும் வைத்திருந்தவன் ஆகிறான். அது ஹறாம் என்று ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் சுஹறாவின் நிக்காஹ் நிக்காஹ் இல்லை. அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என்ன பெயர் காக்கா? நீங்களே சொல்லுங்கள். அந்தச் சொல்லை எழுத எனக்கு வாயும் இல்லை, கையும் இல்லை.

ஒரே ஒரு சொல் என்கிறீர்கள். அந்தச் சொல்லைக் குறுஆனில் கை வைத்துச் சொல்லி, மண்ணுக்குள் இருக்கிற மகளை எழுப்பி, வீட்டில் இருக்கிற மகளைப் புதைக்கவா சொல்கிறீர்கள்? உங்கள் அப்புக்காத்துக்கு நம் மார்க்கம் தெரியாது, அவரைக் குற்றம் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியுமே.

நீங்கள் யோசிக்காமல் எழுதிவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். இதைப் பார்த்ததும் வேறு வழி எழுதுவீர்கள். சுஹறாவுக்கு ஒன்றும் தெரியாது. மாதுளம்பழம் தின்றாள்.

பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்
ஸாலிஹா

~

786
சாய்ந்தமருது
12.9.1952

காக்காவுக்கு,

ஸலாம். நாலு கிழமையாகப் பதில் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நீங்கள் வரவில்லை. உங்களுக்கு உடம்புக்கு ஏதுமா என்று பயந்தேன். பேப்பரில் உங்கள் படம் பார்த்தேன், ஏதோ பாலம் திறக்கிறீர்கள், நல்ல சுகமாகத்தான் இருக்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை மூத்தவளுக்கு வருசம் முடிந்தது. முதல் நாள் உங்கள் ஆலை மனேஜர் அச்சிமுகம்மது கடப்படியில் வந்து நின்றார். வீட்டுக்குள் வரவில்லை. "ராத்தா, வருசக் கத்தம் ஒண்டும் வேணாமாம். ஓதினா எதிர்ப் பக்கம் அதச் சாட்சியாப் புடிச்சிருவாங்களாம். முதலாளி சொல்லி அனுப்பினார்" என்றார். லெப்பைக்கும் சொல்லியிருக்கிறீர்கள். ஆள் அனுப்பினேன், அவர் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எனக்குத் தெரிந்த யாசீனை நானே மெல்லிய குரலில் ஓதினேன். பெற்ற தாய் தன் பிள்ளைக்குக் களவாக ஓதினேன் காக்கா. அடுத்த வீட்டுச் சித்தி லைலா வேலிக்கு மேலால் ஒரு தட்டில் பழம் நீட்டினாள்.

இன்னுமொரு கதை. போன கிழமை உங்கள் கார் வந்து றஊபை மட்டக்களப்புக்கு ஏற்றிப்போனது. புதுச் சட்டையோடு வந்து இறங்கினான். அன்றிலிருந்து சோறு இறங்குதில்லை. என்னைக் கண்டால் கிறுகி மற்றப் பக்கத்தால் போகிறான். என்ன செய்தீர்கள் அவனை?

எனக்குக் கோட்டுக் கடிதம் வந்துவிட்டது. நவம்பரில் வரச் சொல்லியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள் காக்கா. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இருந்து கதைப்போம்.

ஸாலிஹா

~

கொழும்பு
4.10.1952

மதிப்புக்குரிய ஸாலிஹா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய அவா. கௌரவ எம்.பி. அவர்கள் பாராளுமன்ற அலுவல்களில் இருப்பதால், அவர்களின் காரியதரிசியாகிய நான் எழுதப் பணிக்கப்பட்டுள்ளேன்.

தாங்கள் எழுதிய சிக்கலுக்கு அப்புக்காத்து அவர்கள் பரிகாரம் கண்டுள்ளார். திரு. றஊப் அவர்கள் தமது முதல் மனைவி ஸம்ஸியாவை 1951 ஒக்டோபர் 12ஆம் திகதி தலாக் சொல்லி விலக்கியதாகவும், இத்தாக் காலம் முடிந்த பின்னரே இரண்டாவது மகளை மணந்ததாகவும் சத்தியக் கடதாசி கொடுத்துள்ளார். பிரதி இத்துடன் உள்ளது. ஆகவே தங்கள் இளைய மகளின் விவாகத்துக்கு எந்தப் பங்கமும் இல்லை. நவம்பர் 17ஆம் திகதி காலை கார் வரும். சொல்லவேண்டியதை வழக்குக்குரிய புறக்டர் காருக்குள்ளேயே சொல்லித் தருவார்.

இவ்வண்ணம்,
குணம்
காரியதரிசி

பி.கு. இதை நானாக எழுதுகிறேன் அம்மா. எனக்கு ஊர் காரைதீவு. உங்கள் மகளை அடக்கத்துக்கு எடுத்த அன்று ஐயாவோடு வந்து உங்கள் வளவில் நின்றவர்களில் நானும் ஒருவன். மேலே உள்ளதை எழுதியதற்கு என்னை மன்னியுங்கள்.

~

786
சாய்ந்தமருது
11.10.1952

காக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் காரியதரிசி வாசித்தாலும் வாசிக்கட்டும். உங்களுக்கு ஸலாம் எழுதவேண்டியது கடமை, எழுதிவிட்டேன்.

ஒக்டோபர் பன்னிரண்டு. அன்றைக்கு அவள் கபுறுக்குள் போய் இருபத்தொரு நாள். மண் இன்னும் காயவில்லை. தலைமாட்டு மீசான் கட்டைக்குப் பக்கத்தில் நட்ட செடி அப்போதுதான் துளிர்த்தது. அந்த நாளில் அவளை அவளுடைய புருஷன் தலாக் சொன்னானாம். ஏன், எதற்கு, என்ன குற்றம் கண்டான்? தலாக் சொல்லப்பட்டவள், சொன்னவன், அவன் கட்டின தங்கச்சி, மூன்று பேரும் ஜூன் மாதம்வரை ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்களா? உங்கள் கெட்டிக்கார அப்புக்காத்து இதையும் கேட்டுச் சொல்லட்டும். முதலில் அவளுக்கு உயிர் கொடுத்தீர்கள். கொடுத்த உயிரோடு அவளை வீட்டைவிட்டுத் தள்ளியும்விட்டீர்கள்.

றஊபைக் கூப்பிட்டு இருத்தினேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மாமி, முதலாளி சொன்னாரு, இது வெறும் கடதாசிதானாம். கையெழுத்து வைக்காட்டி ஆலைக்குள்ள கால் வைக்க வேணாமாம். சுஹறாவும் வயித்தோட இரிக்கா. நான் எங்க போற?" பிறகு, "அவள நான் ஒரு நாளும் ஒரு சொல் கூட ஏசிப் பேசல்ல மாமி, அது உங்களுக்குத் தெரியுந்தானே" என்றான். தெரியும். மையத்தைத் தூக்கும்போது அவன் கதறினதை ஊரே கேட்டது. அந்த வாயால் இந்தச் சொல்லைச் சொல்ல வைத்தீர்கள்.

அப்போது சுஹறா அடுப்படி வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து என்னோடும் கதைப்பதில்லை, அவனோடும் கதைப்பதில்லை. பிள்ளையை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறாள்.

விதானையாரிடம் போய்க் கேட்டேன். துண்டு எழுதித் தந்த அன்றே நீங்கள் பதிந்திருந்தால், இடாப்பைத் திருத்தினபோது அவள் பெயர் வெட்டுப்பட்டிருக்கும் என்றார். இரண்டு முறை உங்களிடம் எழுதிக் கேட்டேன், இரண்டு முறையும் நீங்கள் பதில் எழுதவில்லை. ஒன்றைத்தான் இப்போது கேட்கிறேன். அவளை எப்போதிருந்து வாக்காக எண்ணத் தொடங்கினீர்கள்? அடக்கிவிட்டுத் திரும்பி வருகிற வழியிலா?

ஸாலிஹா

~

கொழும்பு
2.11.1952

என் தங்கச்சி ஸாலிஹாவுக்கு,

ஸலாம். இதை நானே எழுதுகிறேன். குணத்துக்கும் தெரியாது. எழுத்து விளங்காவிட்டால் பொறுத்துக்கொள்.

அடக்கிவிட்டு வருகிற வழியில் இல்லை. அல்லாஹ் மேல் ஆணையாக அப்போது இல்லை. துண்டு கோட்டுப் பைக்குள் கிடந்தது, மறந்துபோனேன். நான் அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கித் திரிந்தவன், பதியப் போகிற வழியில் இரண்டு முறை கால் திரும்பிவிட்டது. அதுவும் மெய். பிறகு தை மாதம் இடாப்பு திருத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது துண்டு நினைவுக்கு வந்தது. அப்போது எடுத்துப் பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷமும் ஆகவில்லை.

வாப்பா மௌத்தானபோது உனக்கு ஆறு வயது. சந்தைக்குச் சாக்குத் தூக்கி உன்னை வளர்த்தேன். உன்னைக் கட்டிக்கொடுக்கும்வரை நான் கட்டவில்லை. இதையெல்லாம் ஒரு நாளும் சொல்லிக்காட்டினவன் இல்லை, இன்றைக்குச் சொல்கிறேன், எனக்கு வேறு ஒன்றும் மிச்சம் இல்லை. சீற் போனால் ஆலையும் போகும், பஸ்ஸும் போகும். கட்சிக்காரர்கள் இப்போதே என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள். இரண்டு மாதமாக உறக்கம் இல்லை. நான் வீழ்ந்தால் தூக்க இந்த ஊரில் ஒருவரும் இல்லை தங்கச்சி.

நீ மெய் சொன்னால் றஊபின் கடதாசியும் பொய் என்றாகும். அவனையும் பிடிப்பார்கள், உன்னையும் பிடிப்பார்கள். பிறகு சுஹறாவை யார் பார்ப்பது? இதை யோசித்தாயா?

சொல்லத்தான் போகிறாய் என்றால், ஒன்றை மட்டும் எனக்கு விட்டுத் தா. நான் சொல்லித்தான் போனாய் என்று சொல்லாதே. தெரியாமல் போனேன் என்று சொல்லு. எனக்காகத்தானே அன்றைக்குப் போனாய். எனக்காகப் போனவள் எனக்காக அதை மட்டும் மறைத்துவிடு.

உன் காலடியில் விழுந்து கேட்கிறேன்.

காக்கா

~

786
சாய்ந்தமருது
21.11.1952

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. கொழும்பு விலாசத்துக்கே எழுதுகிறேன். உங்கள் நெஞ்சு வலி எப்படி? கோட்டில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே போனதைக் கண்டேன். பின்னால் ஓடி வர என்னை விடவில்லை.

சாட்சிக் கூட்டில் நான் ஏறும்போது நீங்கள் முன் வாங்கில் இருந்தீர்கள். வாப்பாவின் வெள்ளித் தடியைக் கையில் வைத்திருந்தீர்கள். குறுஆனைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன். தொட்ட பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"உங்கட மகள் எப்ப மௌத்தாகினா?" என்று கேட்டார் அவர்கள் பக்கத்து அப்புக்காத்து.

"இந்த ஹஜ்ஜுக்கு முந்தின ஹஜ்ஜு மாசம், பத்தொம்பதாம் நாள். வெள்ளிக்கிழமை, சுபஹுக்கு முன்னம்" என்றேன்.

"புருஷன் தலாக் சொன்னாரா?"

"இல்ல. அவர் மடியிலதான் தலை இருந்தது."

"அப்ப எலக்சனுக்கு அந்தப் பெயரில வாக்குப் போட்டது ஆரு?"

"நான்."

கோட்டில் சத்தம் எழும்பியது. அமர்த்தினார்கள். "ஆர் சொல்லிப் போனீங்க?" என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன் காக்கா. நீங்கள் தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "காக்கா சொன்னாங்க. ஆனா காக்கா சொன்னதுக்காக நான் போகல்ல" என்றேன். துபாசி முதல் பாதியை மட்டும் இங்கிலீசில் நீதிபதிக்குச் சொன்னார். மிச்சத்தையும் சொல்லுங்கள் என்றேன். "கேட்டதுக்குப் பதில் வந்திட்டுது உம்மா, மற்றது தேவையில்ல" என்று என்னை இறக்கிவிட்டார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

நேற்றுத் தீர்ப்பு வந்தது. அது உங்களுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும். வெளியே வெடி கொளுத்தினார்கள். ஹாஜியாரின் ஆட்கள் எங்கள் கடப்படியிலும் வந்து சீனிப் பலகாரம் நீட்டினார்கள். கதவைச் சாத்திவிட்டேன். என் மேலும் வழக்கு வருமாம். என் பெயரையும் ஏழு வருசத்துக்கு இடாப்பில் இருந்து வெட்டுவார்களாம். வெட்டட்டும்.

றஊப் கோட்டு நாளில் மட்டக்களப்பில் காரை விட்டு இறங்கினவன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. பொலிசுக்குப் பயந்து திருக்கோவில் பக்கம் ஒரு மீன்வாடியில் படுத்திருக்கிறான் என்கிறார்கள். சுஹறாவுக்கு ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. நேற்று முதன்முதலாக என்னிடம் வாய் திறந்து, "உம்மா, ராத்தாவக் காப்பாத்திட்டீங்க, என்ன உட்டுட்டீங்க" என்றாள். உன் நிக்காஹை நிக்காஹாக வைக்கத்தான் சொன்னேன் மகளே என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. நிக்காஹ் இருக்கிறது, புருஷன் இல்லை என்றாள்.

நான் எல்லாரையும் கெடுத்துவிட்டேன் காக்கா. என்னை வளர்த்த உங்களையும், நான் பெற்றவளையும். ஆனாலும் மறுபடி கூட்டில் ஏற்றினால் அதையேதான் சொல்வேன்.

கல்முனையில் பதிவுகாரரிடம் போனேன். வருசம் தாண்டிவிட்டதால் விதானையாரின் பழைய துண்டு வேண்டுமாம். அதை அனுப்பிவிடுங்கள். தகவல் கொடுப்பவர் என்ற இடத்தில் நானே கையெழுத்து வைக்கிறேன்.

துபாசி சொல்லாமல் விட்டதை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். இத்தனை கடிதத்திலும் நான் இதை எழுதவில்லை. நீங்கள் சொன்னீர்கள், போனேன் என்றுதான் எழுதினேன். அது மெய்யில்லை. உங்களுக்காகப் போயிருந்தால் காலையில் போட்ட என் வாக்கோடு நின்றிருப்பேன்.

அவள் போய் எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவள் பெயரை இந்த வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இளையவளின் மனம் நோகும் என்று அடக்கி அடக்கி, தனியே இருக்கும்போதும் சொல்ல வராமல் போய்விட்டது. வாக்குச் சாவடியில் பெயரை உரத்துக் கூப்பிடுவார்கள் என்று காலையில் போனபோது கண்டேன். அதற்காகத்தான் திரும்பிப் போனேன். வரிசையில் நின்று, மேசைக்கு முன்னால் போய், கேட்டபோது அவள் பெயரைச் சொன்னேன். அந்த உத்தியோகத்தர் இடாப்பில் விரல் வைத்துத் தேடினார். பிறகு நிமிர்ந்து, வாசல்வரை கேட்கிற மாதிரி, "முந்நூற்றுப் பதினாலு, ஸம்ஸியா" என்று கூப்பிட்டார்.

நான் ஓம் என்றேன்.

வஸ்ஸலாம்.

ஸம்ஸியாவின் உம்மா
ஸாலிஹா